குறைத்து எழுதிய நாடி

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு நாற்பதுக்குப் பூங்கொடி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் குந்தி, இரண்டு கைகளாலும் தொப்புளைப் பிடித்துக்கொண்டாள். நான் அப்போதுதான் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தேன். அதனால் நேரம் நினைவிருக்கிறது. அவளுக்கு ஏழு வயது. எங்களுக்குத் திருமணமாகிப் பதினான்கு வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை.

நான் கல்வராயன் மலையில் ஒரு சுகாதார நிலையத்தில் கம்பவுண்டர். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் மலையேறி வருவார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் சிரங்குக்கும் மருந்து கொடுப்பது நான்தான். மலை ஜனங்கள் என்னையே டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூங்கொடிக்குப் பூச்சி மருந்து கொடுத்திருந்தேன். மண்புழு நீளத்துக்கு வெளிறிய புழுக்கள் இருக்கும், நாக்குப்பூச்சி என்போம். மலையில் அது இல்லாத குழந்தை குறைவு. வயிற்றுவலி என்றதும் மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன். பூச்சி மருந்துக்குப் பின்னால் பேதிக்குக் கொடுத்து வயிற்றைக் கழுவிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு கரண்டி விளக்கெண்ணெயைச் சூடான காப்பியில் கலந்து மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தேன். பேதியாகவில்லை. காற்றும் பிரியவில்லை. விடிவதற்குள் வயிறு உப்பிவிட்டது. புதன்கிழமை காலையில் அவள் எடுத்த வாந்தி பச்சையாக இருந்தது. அதில் ஒரு புழுவும் கிடந்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. பூச்சி மருந்து கொடுத்த குழந்தைக்கு வயிறு வலித்து, வெளிக்கும் போகாமல், காற்றும் பிரியாமல் இருந்தால் பேதிக்குக் கொடுக்காதீர்கள். வாய்க்கு எதுவும் கொடுக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இருபது வருடம் மருந்து கலந்து கொடுத்தவனுக்கு இது அன்றுதான் தெரிந்தது.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் மாவட்டம் முழுக்கக் கொந்தளித்துக்கொண்டிருந்த காலம் அது. அன்று காலையிலிருந்து சாலை மறியல். மலையிலிருந்து மூங்கில் ஏற்றி இறங்கிய லாரி எங்களைக் கச்சிராயபாளையம் தாண்டிக் கொண்டுவந்தது. வடக்கனந்தலுக்கு அருகே ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. கோடாலியோடு நின்றவர்களில் ஒருவர், எனக்குத் தூரத்துப் பங்காளி, லாரிக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னாடா கம்பவுண்டரு?" என்றார். நான் சொன்னதும் வேறெதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து கயிற்றுக் கட்டில் வந்தது. பூங்கொடியை அதில் படுக்க வைத்து மரத்தின் மேலாகத் தூக்கி மறுபக்கம் இறக்கினார்கள். அங்கிருந்து நான்கு பேர் கட்டிலைத் தோளில் சுமந்தார்கள். அடுத்த மரத்தில் அந்த ஊர்க்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். கள்ளக்குறிச்சி போய்ச் சேர்வதற்குள் ஐந்து மரங்கள். மூன்றாவது மரத்தில் கிளை கிடந்த வாக்கில் கட்டில் சிக்கிக்கொண்டது. "இத வெட்டுனது நாங்க இல்லிங்க, பக்கத்து ஊர்க்காரன். மரம் வெட்டக்கூடத் தெரியல அவனுக்கு" என்றான் ஒருவன். என் மனைவி சரோஜா அழுதுகொண்டே வந்தவள் அந்த இடத்தில் சிரித்துவிட்டாள். பிறகு பல நாள் அவள் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே நடந்த தவறு என்னுடையது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். சர்ஜனுக்கு முப்பது வயது இருக்கும். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எனக்கும் காட்டினார். குடலுக்குள் ஆங்காங்கே காற்றும் தண்ணீரும் தேங்கியிருந்தன. வலது பக்கம் கீழே நூல்கண்டு போல ஒரு மூட்டம். அது புழுக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட பந்து. மருந்தில் மயங்கிய புழுக்கள் சில சமயம் இப்படித் திரண்டு குழாயை அடைத்துவிடும் என்றார். விளக்கெண்ணெய் கொடுத்ததைச் சொன்னபோது முகத்தைச் சுளித்தார்.

இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார். ஒன்று, கத்தி வைக்காமல் காத்திருப்பது. வாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காமல், மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு உள்ளே தேங்குவதை வெளியே எடுப்பார்கள். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். கீழ்வழியாக உப்புநீர் எனிமா கொடுப்பார்கள். குடல் ஓய்ந்ததும் பந்து தானாக அவிழ்ந்து பெருங்குடலுக்கு இறங்கிவிடும். பெரும்பாலும் ஓரிரு நாளில் அவிழ்ந்துவிடும் என்றார். இன்னொன்று, வயிற்றைத் திறப்பது. பந்தின் கனத்தில் குடல் முறுக்கிக்கொண்டாலோ, ரத்த ஓட்டம் நின்றாலோ அந்த இடம் கறுத்துச் செத்துவிடும். அப்போது காத்திருந்தால் குழந்தை தங்காது.

நான் உடனே, "காத்திருக்கலாம் சார்" என்றேன்.

என் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கம்பவுண்டர் படிப்புக்குப் பயிற்சி எடுத்தபோது, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இதே வியாதிக்கு ஒரு சிறுவனை அறுத்ததைப் பார்த்திருக்கிறேன். குடலைக் கீறிப் புழுக்களை ஒரு பேசின் நிறைய எடுத்தார்கள். பேசினைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். தையல் போட்டார்கள். அவன் எழுந்து உட்கார்ந்தான், பேசினான். மிச்சமிருந்த புழு ஒன்று தையலைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. ஐந்தாம் நாள் அவன் போய்விட்டான். பூங்கொடியின் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த பேசின்தான் தெரிந்தது. இதை சர்ஜனிடம் நான் சொல்லவில்லை.

அவர் சொன்னார்: "நீங்களும் நானும் பேசி முடிவு பண்ற விஷயம் இல்ல இது. நாடி சொல்லணும். காய்ச்சல், வயிறு இறுகறது எல்லாம் பின்னாடி வரும். மொதல்ல காட்டிக் குடுக்கறது நாடிதான். நூத்தி முப்பதத் தாண்டி அப்படியே நின்னா எனக்கு உடனே சொல்லணும். மயக்க மருந்து டாக்டர் ஆத்தூர்ல இருக்காங்க. இருக்கற ரோட்டுக்குப் பகல்லயே வந்து சேர நாலு மணி நேரம் ஆகும்."

வார்டில் ஒரே ஒரு சிஸ்டர். அவருக்கு மாற்றாக வரவேண்டியவர் சங்கராபுரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் மாதாமாதம் கள்ளக்குறிச்சிக்கு மருந்து எடுக்க வருகிறவன் என்பதால் சிஸ்டருக்கு என்னைத் தெரியும். "அண்ணே, நாப்பது பேர நான் ஒருத்தியா பாத்துக்கினு இருக்கேன். ஒங்க பொண்ணு நாடிய மணிக்கொரு தடவ நீங்களே எண்ணி எழுதிடுங்க" என்று சார்ட்டையும் பேனாவையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. என் பிள்ளையின் நாடி என் கையில்.

புதன்கிழமை மதியம் கால் நிமிடத்துக்கு இருபத்தொன்பது. நான்கால் பெருக்கினால் நூற்றுப் பதினாறு. எழுதினேன். மாலையிலும் அதேதான். எனிமாவில் இரண்டு புழுக்கள் வந்தன. சரோஜா அந்தத் தட்டைப் பார்த்துக் கும்பிட்டாள். பூங்கொடிக்குத் தாகம்தான் பொறுக்க முடியவில்லை. ஈரத் துணியை உதட்டில் வைத்தால் உறிஞ்சப் பார்த்தாள். "ஒரு மூடி தண்ணி குடுப்பா. ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். சரோஜாவின் தம்பி தியாகதுருகத்திலிருந்து நடந்தே வந்திருந்தான். மூக்கில் குழாயோடு கிடந்தவளைப் பார்த்து, "இன்னாம்மா, யானைக்குட்டி ஆயிட்டியா? தும்பிக்கையால எனக்கு ஒரு சலாம் போடு" என்றான். அவள் கையைத் தூக்கி மூக்கில் வைத்தாள். அவன் வெளியே போய் அழுதுவிட்டு வந்தான். பிள்ளை தண்ணீர் குடிக்கும்வரை தானும் குடிப்பதில்லை என்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான். மறுநாள் மயங்கி விழுந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எனிமாவுக்கு வேண்டிய சாமான் தீர்ந்தபோது, மறியலுக்காகக் கதவடைத்திருந்த மருந்துக் கடைக்காரர் ஒருவர் பின்வாசலைத் திறந்து கொடுத்தார். இப்படி எத்தனையோ பேர்.

வியாழக்கிழமை காலையில் நாடி முப்பத்தொன்று, நூற்று இருபத்து நான்கு. பன்னிரண்டு மணிக்கு முப்பத்திரண்டு, நூற்று இருபத்தெட்டு. இரண்டு மணிக்கு முப்பத்து நான்கு.

மறுபடி எண்ணினேன். முப்பத்தைந்து. மூன்றாம் தடவை, முப்பத்து நான்கு. நூற்று முப்பத்தாறு.

அப்போது என் மனசில் ஓடியதை உள்ளபடி எழுதுகிறேன். இவள் இப்போதுதான் ஊசிக்கு அழுதாள், அழுத குழந்தைக்கு நாடி ஏறத்தான் செய்யும், அந்த ஏற்றத்தைக் கழித்துவிடலாம். நான் எழுதினால் சர்ஜன் ஆத்தூருக்குக் கூப்பிடுவார். அந்த டாக்டர் இவ்வளவு கஷ்டப்பட்டு வந்துவிட்டால், வந்ததற்காகவே அறுத்துவிடுவார்கள். ஒரு மணி நேரம் பார்க்கலாம். நூற்று இருபத்தெட்டு என்று எழுதினேன். மாதக் கடைசியில் மருந்துப் பதிவேட்டில் இருப்பு இடித்தால் சரிக்கட்டிப் பழகிய கை அது.

மூன்று மணிக்கு முப்பத்தைந்து. நூற்று இருபத்தெட்டு என்றே எழுதினேன். நான்கு மணிக்கு முப்பத்தாறு. சர்ஜன் வருகிற நேரம் என்பதால் நூற்று இருபத்து நான்கு என்று எழுதினேன். ஐந்து மணிக்கு மறுபடி நூற்று இருபத்தெட்டு.

அன்று சர்ஜனுக்கு நிற்க நேரமில்லை. மறியலில் மண்டை உடைந்தவர்களும் கை முறிந்தவர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். நான்கு மணிக்கு ஓட்டமாக வந்து, வயிற்றில் கை வைத்தார். பூங்கொடி முனகினாள். அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. சார்ட்டை வாங்கிப் பார்த்தார். "வயிறு எனக்குப் பிடிக்கல. ஆனா நாடி ஏறல. இறங்கித்தான் இருக்கு. கம்பவுண்டர் எண்ணினது, தப்பா இருக்காது. சரி, காலைல வரைக்கும் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் எனக்கு உண்மையிலேயே நாடி இறங்கிவிட்டது போல ஓர் ஆறுதல் வந்தது. எழுதியதை நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

ஆறு மணிக்கு எண்ணி முடித்துப் பேனாவை எடுத்தேன். கட்டிலின் மறுபக்கம் தரையில் உட்கார்ந்திருந்த சரோஜா என் கையைப் பிடித்தாள். அவள் எட்டாவது வரை படித்தவள். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

"எண்ணும்போது ஒங்க ஒதடு அசையும். அது ஒங்களுக்குத் தெரியாது. நேத்து இருபத்தொம்போதுல நின்னுச்சு. இப்ப முப்பத்தேழு வரைக்கும் போவுது. எழுதற எண்ணு மட்டும் ஏங்க ஏறல?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அறுக்கறதுக்குப் பயமா இருந்தா என்கிட்ட சொல்லி இருக்கலாம் இல்ல? ரெண்டு பேருமா பயந்திருப்பம். எந்திரிச்சுப் போங்க. போயி சொல்லுங்க."

சர்ஜன் ஒருவரின் தலையில் தையல் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று சொன்னேன். அவர் நிமிரவில்லை. "எத்தன தடவ?" என்று கேட்டார். இரண்டு மணியிலிருந்து நாலு தடவை என்றேன். போட்டுக்கொண்டிருந்த தையலை முடித்து, நூலை வெட்டி, கையுறையைக் கழற்றிவிட்டு எனக்கு முன்னால் நடந்தார். பூங்கொடியின் நாடியை முழு நிமிடம் எண்ணினார். நூற்று ஐம்பத்திரண்டு. வயிற்றைத் தொட்டார். என்னையும் தொடச் சொன்னார். பலகை போல இருந்தது. ஆத்தூருக்கு டிரங்க் கால் போட ஓடினார். இரண்டு மணிக்கே கூப்பிட்டிருந்தால் இருட்டுவதற்குள் வந்திருப்பார்கள். இப்போது இருட்டில் வரவேண்டும், விடியும் என்றார். மயக்க மருந்து டாக்டர் இல்லாமல் நீங்களே செய்யக்கூடாதா என்று கேட்டேன். வயிறு நிறைந்திருக்கிறது, மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் கத்தி வைப்பதற்கு முன்பே முடிந்துவிடும் என்றார்.

அந்த இரவைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை. சரோஜா பிள்ளையின் அந்தப் பக்கம் இருந்தாள், நான் இந்தப் பக்கம் இருந்தேன். அவ்வளவுதான்.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் தவிக்க வேண்டாம். பூங்கொடி இருக்கிறாள். ஒரு முழத்துக்கு மேல் குடல் கறுத்துப் போயிருந்தது, வெட்டி எடுத்தார்கள். நான்காம் நாள் சர்ஜன் என்னை உட்கார வைத்துச் சொன்னார். குடல் உயிரோடு இருந்திருந்தால், வயிற்றை மட்டும் திறந்து, வெளியிலிருந்தே பிசைந்து, பால் கறப்பதுபோல் புழுக்களைப் பெருங்குடலுக்கு இறக்கிவிட்டிருக்கலாம். குடலில் கத்தி பட்டிருக்காது, தையலும் இருந்திருக்காது. "நிச்சயமா அப்படித்தான் ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா ஆகியிருக்கலாம்" என்றார். ஆக, நான் எந்தத் தையலுக்குப் பயந்தேனோ அதை நானேதான் வரவழைத்தேன். ஆறாம் நாள் அந்தத் தையல் ஓரிடத்தில் விட்டுவிட்டது. மறுபடி திறந்தார்கள். மறியல் முடிந்து, மரங்களை அப்புறப்படுத்தி, பஸ்கள் ஓடத் தொடங்கி, எங்களைச் சுமந்த பங்காளி போலீஸ் வழக்கில் உள்ளே போய் வெளியே வந்து எங்களைப் பார்க்க வந்தபோதும் நாங்கள் அதே வார்டில்தான் இருந்தோம்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஆறு வயதுப் பிள்ளையின் உடம்பு. கொஞ்சம் எண்ணெய்ப் பலகாரம் தின்றாலும் ஒத்துக்கொள்வதில்லை. மருந்தை அம்மா கையால் மட்டும்தான் குடிக்கிறாள். நான் கொடுத்தால் வாயை மூடிக்கொள்கிறாள். அவளிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை. சரோஜா என்னைத் திட்டியதில்லை. ஆனால் உடம்புக்கு ஏதாவது வந்தால் என்னைக் கேட்காமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குப் போய்விடுகிறாள். மலையில் என்னை இன்னும் டாக்டர் என்கிறார்கள். யாராவது அப்படிக் கூப்பிட்டால், கம்பவுண்டர் என்று திருத்துகிறேன். அவர்கள் கேட்பதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு, ஆத்தூரிலிருந்து அந்த மயக்க மருந்து டாக்டர் அம்மா வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். சின்னசேலம் வரை ஜீப்பில் வந்து, அதற்கப்பால் மறியல்காரப் பையன் ஒருவனின் சைக்கிள் கேரியரிலும், மரங்கள் கிடந்த இடங்களில் நடந்தும் வந்திருக்கிறார். புடவை முழங்கால் வரை சேறு. செருப்பு கையில் இருந்தது. பையன் அவருடைய பெட்டியைத் தலையில் வைத்திருந்தான். அவர் யாரிடமும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டே சர்ஜன் சொன்னதையெல்லாம் கேட்டார். சர்ஜன் என்னைக் கையால் காட்டியதையும் நான் பார்த்தேன். சார்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நான்தாம்மா எழுதினேன். நான்தான் கம்மியா எழுதினேன்" என்றேன்.

அவர் தலையாட்டினார். சிஸ்டர் சர்ஜனுக்கு உதவியாக நிற்க வேண்டும், மயக்கம் கொடுக்கும்போது பக்கத்தில் நிற்க வேறு ஆள் இல்லை என்றார். என்னைக் கை கழுவிவிட்டு உள்ளே வரச் சொன்னார். வந்தேன். மேசையில் பூங்கொடி கண்ணைத் திறந்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அம்மா அவளுடைய இடது மணிக்கட்டை எடுத்து என் விரல்களுக்கடியில் வைத்தார்.

"நான் மருந்து குடுக்கக் குடுக்க நீங்க எண்ணணும். மனசுக்குள்ள வேண்டாம். வாய்விட்டு எண்ணுங்க. எனக்குக் கேக்கணும்" என்றார்.